மிலிட்டரி பென்ஷன்காரர் விபத்தில் இறந்துவிட்டால்: உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் சாலை விபத்தில் இறந்துவிட்டால், அவர் மனைவிக்கு உதவ நாலு பேர் ஓடி வருவார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் "முதலில் குடும்ப பென்ஷனை முடிப்போம், மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று எல்லோரும் ஒரே பக்கம் போய்விடுவார்கள். பெரிய தவறே அதுதான். பென்ஷன் தாமதமானாலும் இறந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டு நிலுவையோடு வந்துவிடும். விபத்து இழப்பீடு அப்படி இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத் திருத்தத்தின்படி, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கேஸே பல சமயம் ஆஸ்பத்திரி வாசலில்தான் கெட்டுப்போகிறது. அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்பார், ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் (ஏ.ஆர்.) அப்படியே பதிவாகும். பின்னால் வந்து இடித்த லாரி அந்த வரியில் இருக்காது. ஒரு வருஷம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். அதனால் ஏ.ஆர். நகல், எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் சீக்கிரமே வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நேரம், இடம், வண்டி எண், விபத்து நடந்த விதம் எதுவும் ஒன்றுக்கொன்று முட்டக்கூடாது. முட்டினால் விசாரணை அதிகாரியிடம் உடனே எழுத்தில் கொடுங்கள், நேரில் பார்த்தவர் இருந்தால் அவர் வாக்குமூலத்தைப் பதியச் சொல்லுங்கள்.

காரியம் முடிவதற்குள் வண்டிக்காரர் தரப்பில் யாராவது வருவார்கள். "செலவுக்கு வெச்சுக்கோங்க, கேஸெல்லாம் எதுக்கு" என்று ஒரு கவரும் ஒரு தாளும் நீட்டுவார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கித் தருகிற பெரியவர்களை என்ன சொல்வது. தப்பு இறந்தவர்மேல்தான் என்று ஒரு வரி அதில் இருந்தால் போதும், கேஸ் நொண்டியடிக்கும்.

"பென்ஷன்தான் வருதே, இழப்பீட்டில் கழிச்சிடுவாங்க" என்ற பேச்சும் ஊர் ஊராக உண்டு. கழிக்க மாட்டார்கள். குடும்ப பென்ஷனையும் ஆயுள் காப்பீட்டுப் பணத்தையும் விபத்து இழப்பீட்டிலிருந்து கழிக்கக்கூடாது என்று ஹெலன் ரெபெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1998 வாக்கிலேயே. இதற்கு நேரெதிரான தவறு ஒன்று இருக்கிறது: இறந்தவரின் வருமானமாக பென்ஷனை மட்டும் காட்டுவது. ஓய்வுக்குப் பிறகு செக்யூரிட்டி வேலையோ டிரைவர் வேலையோ பார்த்திருப்பார். அந்தச் சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கமும் மனுவோடு போக வேண்டும்.

இடித்த வண்டி நிற்காமல் போய், கடைசிவரை கிடைக்கவில்லையா? அப்போதும் மத்திய அரசின் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு, வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். அவர் சொந்த பைக்கில் போனவர் என்றால் அந்த பைக்கின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். உரிமையாளரே ஓட்டினால் 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கலாம். வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்ஸும் செல்லுபடியாக இருந்தால் அதைக் கேட்கலாம். பென்ஷன் வரும் வங்கிக் கணக்கோடும் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கக்கூடும், கிளையில் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

சரி, பென்ஷனுக்கு வருவோம். இறப்பை ஸ்பர்ஷில், அதாவது ராணுவ பென்ஷனுக்கான இணையதளத்தில், தெரிவிக்காமல் விட்டால் அவர் கணக்கில் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே என்று எடுத்துவிடுவார்கள், பிறகு அத்தனையும் பிடித்தம் ஆகும், அதுவும் அந்த அம்மாவின் குடும்ப பென்ஷனிலிருந்து. அடுத்த தலைவலி பெயர். பிபிஓ எனும் பென்ஷன் உத்தரவில் "செல்வி", ஆதாரில் "தமிழ்ச்செல்வி", பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் பிறந்த தேதியே வேறு. அலைந்து அலைந்து ஆதாரைத் திருத்துவார்கள், எதை எதற்குப் பொருத்த வேண்டும் என்று கேட்காமலே. முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போய் எல்லாத் தாளையும் காட்டுங்கள். படைவீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எதை எழுத வேண்டும் என்று அங்கே சொல்வார்கள்.

தொகையைப் பற்றிப் பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். போரில் இறந்தவர் மனைவிக்குக் கிடைப்பதைப் போல இதில் முழுச் சம்பளம் வராது. ஓய்வுக்குப் பின் நடந்த விபத்துக்கு சாதாரண குடும்ப பென்ஷன்தான். முதல் ஏழு வருஷம், அல்லது அவர் உயிரோடு இருந்தால் 67 வயதாகியிருக்கும் நாள்வரை, எது முன்னதோ அதுவரை, கடைசிச் சம்பளத்தில் பாதி, அவர் வாங்கிய பென்ஷனைத் தாண்டாமல். அதன் பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 64 வயதில் போனவர் என்றால் கூடுதல் விகிதம் மூன்று வருஷத்தோடு முடியும். இதை இப்போதே சொல்லிவைக்காவிட்டால், தொகை குறையும் மாதம் யாரோ ஏமாற்றிவிட்டதாக நினைத்து அலைவார்கள். பணியில் இருக்கும்போதே, டியூட்டியில் நடந்த விபத்து என்றால் கதை வேறு, விகிதமும் வேறு.

அப்புறம் இந்த போன் நம்பர் விஷயம். மச்சினர் நம்பரைக் கொடுத்து ஸ்பர்ஷில் பதிந்துவிடுவார்கள், வேலை சுலபம் என்று. ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். நாளைக்கு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றால், வருஷா வருஷம் கொடுக்கும் வாழ்நாள் சான்றுக்கே அந்த அம்மா மச்சினர் வாசலில் நிற்க வேண்டும். கணக்கும் நம்பரும் அந்த அம்மா பெயரிலேயே இருக்கட்டும், பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்கும் வக்கீல் வேண்டவே வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

கணவர் ராணுவத்துக்குப் பிறகு அரசு வேலையிலும் சேர்ந்திருந்தால், ஒரு குடும்ப பென்ஷன் வாங்கினால் இன்னொன்று கிடையாது என்று பழைய விதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டும் வாங்கலாம், அந்தத் தேதியைச் சொல்லியே மனு எழுதுங்கள்.