யாரும் பார்க்காதபோது டிவி எதற்கு ஓடுகிறது? வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் என் அக்கா வீட்டின் முன்கட்டில் இரண்டு விசைத்தறிகள். அதையடுத்த கூடத்தில் டிவி. தறி ஓடும்போது டிவி காதில் விழ வேண்டுமானால் சத்தத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். இழை அறுந்து மாமா தறியை நிறுத்தியதும், அதுவரை தறிச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த டிவி வீடே அதிரும்படி அலறும். யாரும் குறைக்க மாட்டார்கள். முடிச்சுப் போட்டதும் தறி மறுபடி ஓடப்போகிறதே! ஒருநாள் அப்படி அலறியபோது கூடத்தில் இருந்தது ஒன்றரை வயதுக் குழந்தை மட்டும். அதுவும் திரையைப் பார்க்கவில்லை. நூல் தீர்ந்த தார்க்குச்சி ஒன்றைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தது.

டிவியால் கெடுதல் என்றாலே எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்றுதான் கேட்கிறோம். அந்தக் கணக்குக்கு முன்னால் இதைக் கவனிக்க வேண்டும் என்பேன். யாரும் பார்க்காத டிவி காலையிலிருந்து இரவு வரை ஓடும் வீடுகள் நம்மிடம் ஏராளம். குழந்தை பேச்சைப் பழகுவது, தன் முகம் பார்த்துப் பேசுபவரிடமிருந்து. பின்னணியில் டிவி ஓடும்போது பெரியவர்கள் குழந்தையிடம் பேசும் பேச்சு குறைந்துபோகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை தார்க்குச்சியை நீட்டி ‘ம்ம்’ என்கிறது. “என்ன தங்கம், தார்க்குச்சியா? யாருக்குக் குடுக்கப் போற?” என்று கேட்க வேண்டியவர் திரையில் யாரோ அழுவதைத் திரும்பிப் பார்க்கிறார். ஒரு நாளில் இப்படி எத்தனை முறை! உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. பின்னணியில் ஓடுவதை நாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சோறூட்டும்போது டிவி போடுவதும் இதன் தங்கைதான். திரையில் லயித்த குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. வாய் தானாகத் திறக்கும். பெரியவர்களுக்கும் அதே கதி. சாப்பாட்டு நேரம் மட்டுமாவது அணைத்து வைத்தால் போதும்.

அடுத்ததை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்கும் பங்குண்டு. ஏற்காட்டில் இருக்கும் என் அண்ணன் மகள் நான்காம் வகுப்புப் படிக்கும்போது டிவிக்கு மிக அருகே போய் உட்காருவாள். “பின்னாடி வா, கண்ணு கெட்டுப்போகும்” என்று ஆளாளுக்கு அதட்டினோம். அண்ணன் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டக் கூடாது என்றார். அவள் கோட்டின் மேல் கால்விரலை வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாள். ஆறு மாதம் கழித்துத்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டினோம். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 2. கரும்பலகையும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. டிவி அருகே உட்கார்ந்ததால் கண் கெட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை, கண் தெரியாததால்தான் அருகே போயிருக்கிறாள் என்றார் மருத்துவர். கிட்டே போகும் குழந்தையை அதட்டாதீர்கள். கண்ணைச் சோதித்துப் பாருங்கள். இருட்டறையில் பார்ப்பதும், இமைக்க மறந்து வெகுநேரம் பார்ப்பதும் கண்ணைக் களைப்பாக்கி உலரவைக்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு, இடையிடையே எழுந்து ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

பிள்ளை பிளஸ் டூ போனதும் கேபிளைத் துண்டித்துவிடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கூடத்தில் எல்லோர் கண்முன்னும் இருந்த திரை போய், கதவு சாத்திய அறைக்குள் கையளவு போன் வந்து சேர்கிறது. பிள்ளை என்ன பார்க்கிறான் என்பது அதன்பின் யாருக்கும் தெரியாது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஊரடங்கில் பள்ளிகள் மூடியபோது, ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் வகுப்பறையாக இருந்தது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை நெருங்குகிறதா என்று காவிரிக் கரைக்காரர்கள் செய்தி பார்ப்பதையும் வீண்பொழுது என்று யார் சொல்வார்கள்? முழங்கால் வலியால் வாசல் தாண்ட முடியாத என் ஆயாவுக்குச் சாயங்காலத் தொடர்தான் பேச்சுத்துணை. அவரிடமிருந்து அதைப் பறிப்பதும் தவறுதான். நான் போனால் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பேன். விளம்பரம் வரும்போதெல்லாம் சத்தத்தை அடக்கிவிட்டு, தன் சின்ன வயசுக் கதைக்குப் போய்விடுவார்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கனமழையில் படம் உறைந்து நின்றால், டிஷ் திரும்பிவிட்டது என்று ஈர ஓட்டின் மேல் ஏறுகிறார்கள். பெரும்பாலும் டிஷ் இருந்த இடத்தில்தான் இருக்கும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளை மழைத்துளிகள் உறிஞ்சிவிடுவதுதான் காரணம். மழை விட்டால் படம் தானே வந்துவிடும். கோடை மழைக் காலத்தில், வானம் கருக்கத் தொடங்கும்போதே பிளக்கையும் டிஷ் ஒயரையும் கழற்றி வையுங்கள். இடி தொடங்கிவிட்டால் அந்த ஒயரைத் தொடவே கூடாது. மின்னல் அதன் வழியாக உள்ளே இறங்கலாம்.