ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா? நீங்களே பார்த்துவிடலாம்

குக்கர் கேஸ்கெட் தேய்ந்தால் புதிது வாங்கி மாட்டுகிறோம், கதை முடிந்தது. காரின் ஹெட் கேஸ்கெட்டை அப்படி நினைத்துத்தான் பலர் இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

இன்ஜினில் அடியில் சிலிண்டர் பிளாக், மேலே அதை மூடும் சிலிண்டர் ஹெட். நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமனில் கேஸ்கெட். எரியும் வாயு, கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஆயில் மூன்றும் அதன் துளைகளை ஒட்டியே வேலை செய்கின்றன. ஒன்று மற்றொன்றின் வழிக்குப் போகக் கூடாது. குக்கருக்குள் இருப்பது வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் கூடுதல் அழுத்தம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள் 50 பாரையும் தாண்டும்.

பெரும்பாலும் எமன் சூடுதான். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம் என்று வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால் சுமார் 0.8 மி.மீ. நீளும், இரும்பு அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு பயணத்திலும் இந்த இழுபறியைக் கேஸ்கெட் தாங்குகிறது. கூலண்ட் குறைந்து இன்ஜின் கொதித்துவிட்டால் ஹெட்டே வளைந்துவிடும். வளைந்த இடத்தில் பிடி தளர, வாயு வழி கண்டுபிடித்துவிடும். பிரிட்டிஷ் கார் கம்பெனியான ரோவரின், 1988-இல் வந்த கே-சீரிஸ் இன்ஜின் இதற்குப் பேர்போனது: உள்ளே கூலண்ட் கொஞ்சம்தான் என்பதால் சிறு கசிவே கொதிக்கவைத்துவிடும். ஹெட்டை இடத்தில் நிறுத்தும் முளைகளைப் பிளாஸ்டிக்கில் வேறு செய்திருந்தார்கள். பிறகு எஃகுக்கு மாறினார்கள்.

இனிச் சோதனை. காலையில், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

முதலில் கூலண்ட் அளவு. வெளியே சொட்டு இல்லாமல் வாராவாரம் குறைந்தால் சந்தேகப்படலாம்.

அடுத்து ஆயில். அளவுக்கம்பியில் பால் காபி நிறம் தெரிந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்படலம் என்றால், குறுந்தொலைவு ஓட்டும் வண்டியில் சேர்ந்த ஈரமாகவும் இருக்கலாம்.

மூன்றாவதாக, ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்தே ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் ஓரிரு குமிழி வரும், பரவாயில்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் இன்ஜினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் நுழைகிறது. சூடேறத் தொடங்கும் முன் இன்ஜினை அணைத்துவிட்டு மூடியைப் போடுங்கள்.

பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து புகையைக் கவனியுங்கள். குளிர்காலைப் புகை இன்ஜின் சூடானதும் மறையும். மறையாமல் இனிப்பு வாடையுடன் வெண்மையாக வந்தால் கூலண்ட் எரிகிறது.

உறுதிசெய்ய, பட்டறையில் ரேடியேட்டர் வாயில் ஒரு நீல நிறத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். எரிந்த வாயு பட்டால் அது மஞ்சளாகும்.

மெக்கானிக்கிடம் கேஸ்கெட் மாற்றச் சொல்கிறீர்களா? கொதித்தது எதனால் என்று முதலில் கேளுங்கள்: ரேடியேட்டர் அடைப்பா, ஃபேனா, வாட்டர் பம்ப்பா? அதைச் சரிசெய்யாவிட்டால் புதிய கேஸ்கெட்டும் போய், இரண்டாவது செலவு வரும். தெர்மோஸ்டாட்டை (கூலண்டின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வு) கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்லும் யோசனை நம் ஊரில் சாதாரணம், ஏற்காதீர்கள். ஹெட்டின் சமதளத்தை நேர்விளிம்பு வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. வளைவே அதிகம். போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன வரிசையில், படிப்படியாக, டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்து முடுக்க வேண்டும். ஒருமுறை முடுக்கினால் நீண்டுவிடும் வகைப் போல்ட் என்றால் பழையதைத் திரும்ப மாட்டக் கூடாது. புதிய போல்ட்டின் விலை பில்லில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.