ஆப் செய்யக் காசு கொடுத்தாயிற்று, ஆனால் கோடு (மென்பொருள் நிரல்) யாருடையது?

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தருவது என் வேலை. வருடா வருடம் புதுப்புது ஆட்கள் வருகிறார்கள், பழைய தவறுகளோடு. 'படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்' ரகத்தை விட்டுவிடுகிறேன்.

ஃப்ரீலான்ஸரிடம் எழுதி வாங்காதது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் ஆப் ஒன்றை வெளியாளிடம் கொடுத்துச் செய்த ஒருவர் வந்தார். முதலீடு செய்ய வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கோடு உங்கள் பெயரில் இருக்கிறதா?" இவர் என்னிடம் நீட்டியது ஜிபே ஸ்க்ரீன்ஷாட். "முழுப் பணமும் கொடுத்துட்டேனே சார்!"

கொடுத்தது கூலி. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் அது நிறுவனத்துக்குச் சேரும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவும், வேறு பேச்சு இல்லாதவரை, சொன்னவருக்கே. வெளியாள் எழுதிய மென்பொருளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

உரிமை கைமாற, எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். வாட்ஸப்பில் வந்த 'ஓகே அண்ணா' போதாது. சரி, எழுதிவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதுவும் அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே. ஆப் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் அந்தக் கையெழுத்துக்குத் தனி விலை. மேற்படி நண்பர் செய்கூலியை விட அதிகம் கொடுத்துத்தான் அதை வாங்கினார்.

கம்பெனி பதிவே போதும் என்பது

போதாது. பிராண்ட் பெயருக்கு டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) தனியாகப் பதிய வேண்டும். சரக்கு, சேவைகளுக்கு மொத்தம் 45 வகுப்புகள்; உங்கள் சரக்கு எதில் வருகிறதோ அதில். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் ஆர் போடுவது

அந்த ஆர் 'பதிவான டிரேட்மார்க்' என்பதற்கான குறி. பதிவாகாததற்குப் போடுவது சட்டப்படி தவறு. அதுவரை டிஎம் (TM) போடுங்கள்.

காட்டிவிட்டுப் பேட்டன்ட் கேட்பது

பேட்டன்ட் என்பது புதுக் கண்டுபிடிப்புக்கான உரிமை. யூடியூபில் டெமோ போட்டுவிட்டு, "இப்போ பேட்டன்ட் எடுக்கலாமா?" என்கிறார்கள். ஊருக்கே காட்டிய பிறகு அது புதுமையாக நிற்காது. விதிவிலக்குகள் மிகக் குறைவு. காட்டும் முன்பே ப்ரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரத்தைத் தாக்கல் செய்ய 12 மாதம் கிடைக்கும்.