மெயில் வரவில்லையா? வைரஸ் கார்டைக் கழற்ற முன் இதைப் பாருங்கள்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு ஐயா ஒரு நாள் காலையில் எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நேற்று வரைக்கும் இருந்த மெயில் ஒன்றும் இல்லை. ஆறு வருசத்துக் கணக்கும் அதுக்குள்ளதான்." வைரஸ் கார்ட் (ஆன்டிவைரஸ் மென்பொருள்) ஏதோ செய்திருக்கும் என்று அவர் சரியாகத்தான் ஊகித்தார். ஆனால் என்னைக் கூப்பிட முன்னமே, ஆத்திரத்தில் அதைக் கழற்றிவிட்டார். மெயில்களைப் பிடித்து வைத்திருந்த குவாரன்டைனும் (சந்தேகமான ஃபைல்களை அது அடைத்து வைக்கும் இடம்) அதோடு சேர்ந்து போய்விட்டது. மகன் எப்போதோ பென் டிரைவில் எடுத்து வைத்த ஒரு பிரதிதான் மிஞ்சியது.

அவர் முதலில் போன் எடுத்திருந்தால் எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். இதில் வரிசை முக்கியம்.

1. குற்றவாளி வைரஸ் கார்ட்தானா?

பிரவுசரைத் திறந்து உங்கள் மெயில் கணக்குக்குள் போங்கள். அங்கே புதிய மெயில்கள் இருக்கின்றன, அதே வைஃபையில் போனிலும் வருகின்றன, கம்பியூட்டரில் உள்ள தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மெயில் மென்பொருளில் மட்டும் வரவில்லை என்றால்தான் மேலே போகலாம்.

ஜிமெயில்காரருக்கு ஒரு விஷயம். திரும்பத் திரும்பப் பாஸ்வேர்ட் கேட்டால் அது பெரும்பாலும் வைரஸ் கார்ட் செய்யும் வேலை இல்லை. சாதாரண பாஸ்வேர்டை மட்டும் வைத்து வெளி மென்பொருள்கள் உள்ளே வருவதை, தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே மாத இறுதியோடு நிறுத்திவிட்டது. தண்டர்பேர்டில் அந்தக் கணக்கின் செட்டிங்ஸில் உறுதிப்படுத்தும் முறையை 'ஓஓத் 2' என்று மாற்றினால், கூகுளின் சொந்தப் பக்கம் திறந்து அனுமதி கேட்கும்.

2. முதலில் ஒரு பிரதி

மெயில் மென்பொருளை மூடுங்கள். தண்டர்பேர்ட் என்றால், மூட முன் 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்துக்குப் போய், புரொஃபைல் ஃபோல்டருக்கு நேரே உள்ள திறக்கும் பட்டனை அழுத்துங்கள். ஒரு ஃபோல்டர் திறக்கும். இப்போது தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் கொப்பி எடுங்கள். பழைய ('கிளாசிக்') அவுட்லுக்கில் பொப் கணக்கின் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) மெயில்கள் பிஎஸ்டி என்று முடியும் ஃபைலில் இருக்கும். பெரும்பாலும் டொக்யுமென்ட்ஸுக்குள் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் கிடைக்கும்.

மெயிலை இறக்க ஐமாப், பொப் என்று இரண்டு முறைகள் உண்டு. உங்கள் கணக்கு எது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு செட்டிங்ஸில் 'சேவர் டைப்' என்ற இடத்தில் எழுதியிருக்கும். ஐமாப் என்றால் மெயில்கள் சேவரில் (மெயில் சேவை தருபவரின் கம்பியூட்டரில்) இருக்கும், திரும்ப இறக்கலாம். பொப் என்றால் கம்பியூட்டருக்கு வந்தபின் சேவரிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம், உங்கள் கையில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். கடைக்காரர் ஐயாவின் கணக்கு பொப்.

3. எத்தனை வைரஸ் கார்ட் இருக்கிறது?

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்பதைப் பாருங்கள். லப்டொப் வாங்கும்போது கடையில் போட்டுத் தந்த ட்ரையல் ஒன்று, பிறகு நீங்கள் காசு கொடுத்து வாங்கியது ஒன்று என்று இரண்டு இருந்தால், இரண்டும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் பிடித்து இழுக்கும். எதை வைத்திருப்பது என்று முடிவு செய்யுங்கள். கழற்றப் போவதின் குவாரன்டைனில் உங்கள் மெயில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே கழற்றுங்கள். விண்டோஸின் சொந்த டிஃபென்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். வேறொன்று வந்தால் அது தானாக ஒதுங்கிவிடும்.

4. திரையில் என்ன எழுதியிருக்கிறது?

இங்கேதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். 'செக்யூரிட்டி எக்ஸெப்ஷன்' என்று ஒரு பெட்டி வந்தால் வாசிக்காமலே 'கன்ஃபர்ம்' அழுத்துகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வெள்ளவத்தையில் ஒரு அடுக்குமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரும் முத்திரையிட்ட கடிதத்தை வாசலில் நிற்கும் செக்யூரிட்டி வாங்கி, பிரித்துப் பார்த்து, மறுபடி ஒட்டி, தன் முத்திரையைக் குத்தி மேலே அனுப்புகிறார். வைரஸ் கார்டின் மெயில் சோதனை செய்வது இதைத்தான். ஐமாப் 993, பொப் 995, மெயில் அனுப்ப 465 அல்லது 587 என்ற போர்ட்களில் (இணைப்பு வாசல் எண்களில்) பூட்டிய நிலையில் போய்வரும் மெயிலை நடுவில் நின்று திறந்து பார்க்கிறது. திரும்பப் பூட்டும்போது தன் சொந்தச் சான்றிதழை வைக்கிறது.

அவுட்லுக் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலைப் பார்க்கும். வைரஸ் கார்ட் தன் பெயரை அங்கே ஏற்கனவே எழுதி வைத்திருப்பதால் பிரச்சினை இல்லை. தண்டர்பேர்ட் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் வாசலிலேயே மறித்துவிடும். ஒரே கம்பியூட்டரில் அவுட்லுக் வேலை செய்ய, தண்டர்பேர்ட் மட்டும் முரண்டு பிடிப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

ஆகவே அந்தப் பெட்டியில் 'வியூ' அழுத்தி, சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள். உங்கள் வைரஸ் கார்டின் பெயர் இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். அறியாத பெயர் ஒன்று, அதுவும் ஒரு கோப்பிக் கடை வைஃபையில் இருக்கும்போது வந்தால், இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டு இணைப்பில் மறுபடி பாருங்கள். நடுவில் நிற்பது உங்கள் செக்யூரிட்டி இல்லாமல் வேறொருவராக இருக்கலாம்.

5. மெயில் சோதனையை மட்டும் நிறுத்துங்கள்

வைரஸ் கார்டைப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். அநேகமாக எல்லாவற்றிலும் அப்படி நிறுத்த வசதி உண்டு. மெயில் மென்பொருளை மூடித் திறந்து மெயில் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வேறு எதையும் திறக்காதீர்கள். வந்தால், காரணம் உறுதி. வைரஸ் கார்டை மறுபடி இயக்கிவிட்டு, அதன் செட்டிங்ஸில் மெயிலுக்கான பகுதியைத் தேடுங்கள். அவாஸ்டில் 'மெயில் ஷீல்ட்' என்று இருக்கும், மற்றவற்றில் 'இமெயில் புரொடெக்ஷன்', 'இமெயில் ஸ்கேனிங்' என்பது போல. அதை மட்டும் நிறுத்துங்கள்.

இது ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். இணைப்பாக வரும் ஃபைலைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ, ஃபைல்களைக் கவனிக்கும் ஷீல்ட் அதைப் பிடிக்கும். அது ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், மேலே சொன்ன பத்து நிமிடம் தவிர அதை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். இரண்டு இடத்தில் சோதிப்பதில் வீட்டுப் பாவனைக்குக் கிடைக்கும் நன்மை, அது தரும் தொல்லைக்கு ஈடாகாது என்பது என் எண்ணம். ஒப்பீஸ் கம்பியூட்டர் என்றால், அங்குள்ள ஐடி ஆளிடம் கேட்காமல் கைவைக்க வேண்டாம்.

மெயில் வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லை என்றால், வைரஸ் கார்டோடு வரும் ஃபயர்வோலையும் (எந்த மென்பொருள் இணையத்துக்குப் போகலாம் என்று பார்க்கும் காவல்) பாருங்கள். மெயில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் அதைப் புதிய ஆளாக நினைத்து மறித்திருக்கலாம். அனுப்பும் போர்ட் 25 என்று இருந்தால் 587க்கு மாற்றுங்கள்.

6. தண்டர்பேர்டில் இன்பொக்ஸே காணாமல் போனால்

ஐயாவின் கடையில் நடந்தது இது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் எல்லா மெயில்களையும் ஒரே நீண்ட ஃபைலில் வரிசையாக எழுதி வைக்கும். ஆயிரம் நல்ல மெயிலுக்கு நடுவே ஒரு கெட்ட இணைப்பு இருந்தால், வைரஸ் கார்டுக்கு அந்த முழு ஃபைலுமே வைரஸ்தான். தூக்கிக்கொண்டு போய் அடைத்துவிடும்.

மீட்பதற்கு, தண்டர்பேர்டை மூடிவிட்டு முதலில் அந்தப் புரொஃபைல் ஃபோல்டரை வைரஸ் கார்டின் 'எக்ஸெப்ஷன்' (சோதிக்காமல் விடவேண்டியவை) பட்டியலில் சேருங்கள். இதைச் செய்யாமல் மீட்டால் அடுத்த நொடியே மறுபடி பிடித்துவிடும். இதற்கிடையில் புதிதாக ஒரு இன்பொக்ஸ் ஃபைல் உருவாகியிருந்தால் அதன் பெயரை மாற்றி வையுங்கள், அழிக்காதீர்கள். பிறகு குவாரன்டைனில் இருந்து பழையதை 'ரிஸ்டோர்' செய்யுங்கள். அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று முடியும் சின்ன ஃபைல் வெறும் பொருளடக்கம்தான். அதை அழித்தால் தண்டர்பேர்ட் திரும்ப எழுதிக்கொள்ளும்.

தண்டர்பேர்டைத் திறந்து அந்தக் கெட்ட மெயிலைக் கண்டுபிடித்து அழியுங்கள். இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டாம். அழித்தாலும் அது ஃபைலில் இருந்து உடனே போகாது. ட்ராஷைக் காலி செய்து, இன்பொக்ஸ் மேல் வலப்பக்கக் கிளிக் செய்து 'கொம்பக்ட்' கொடுத்தால்தான் உண்மையில் போகும்.

இனி இது நடக்காமல் இருக்க, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் உள்ள பெட்டியில் சரி அடையாளம் போடுங்கள். வரும் மெயில் ஒவ்வொன்றும் முதலில் தனி ஃபைலாக எழுதப்படும். கெட்டது இருந்தால் வைரஸ் கார்ட் அந்த ஒன்றை மட்டும் பிடிக்கும்.

7. அவுட்லுக் இழுத்து இழுத்துத் திறந்தால்

கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு அவுட்லுக் ஐகொனை அழுத்துங்கள், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அப்போது நன்றாக ஓடினால், 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'ஆட்-இன்ஸ்' என்று போய், கீழே உள்ள 'கோ' பட்டனை அழுத்தி, வைரஸ் கார்ட் வைத்த துணைக்கருவியின் அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இது பழைய அவுட்லுக்குக்கு மட்டும்.

8. காவல் இன்னும் விழித்திருக்கிறதா?

ஐகார் என்ற அமைப்பின் இணையத்தளத்தில் ஒரு சோதனை ஃபைல் இருக்கிறது. 68 எழுத்துகள்தான், உங்கள் கம்பியூட்டருக்கு எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா வைரஸ் கார்டும் அதைக் கண்டால் சத்தம் போடவேண்டும் என்று ஒரு ஏற்பாடு. அதை இறக்கிப் பாருங்கள். உடனே எச்சரிக்கை வந்தால் வைரஸ் கார்ட் விழித்திருக்கிறது. வராவிட்டால் 5ஆம் படியில் தேவைக்கு மேல் எதையோ நிறுத்தியிருக்கலாம், திரும்பிப் போய்ப் பாருங்கள்.

வைரஸ் கார்ட் புதிய பதிப்புக்கு மாறும்போது, நீங்கள் நிறுத்திய மெயில் சோதனை சில வேளை தானாகத் திரும்ப இயங்கத் தொடங்கும். அதே சான்றிதழ்ப் பெட்டி மறுபடி வந்தால் முதலில் அந்த செட்டிங்கைப் பாருங்கள்.