மானாப் புல்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

இலங்கையின் ஊவாவில், பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துச் சரிவுகளிலும் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் ஆளுயரத்துக்குப் புல் நிற்கிறதே, அதில் பெரும்பகுதி மானாதான். அதை, வேறொரு புல்லான இலுக்கு என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

உயரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், அடியைப் பாருங்கள். மானா ஒரே தூரிலிருந்து அடர்ந்து, குத்துக் குத்தாகக் கிளம்பும். இலுக்கு மண்ணுக்குள் ஓடும் கூரான தண்டிலிருந்து அங்கொன்று இங்கொன்றாக முளைக்கும். அதன் இலையின் வெள்ளை நடுநரம்பும் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. இலுக்கின் பூ வெண்பஞ்சு. மானாவுக்குச் செம்பழுப்பான கொத்து. பூக்காத காலத்தில் ஓர் இலையைக் கசக்கி முகருங்கள், மானாவென்றால் எலுமிச்சை கலந்த வாசம் வரும். ஆனால் நுனியிலிருந்து கீழ்நோக்கி உருவிவிடாதீர்கள், விளிம்பு விரலை அறுத்துவிடும்.

அந்த வாசத்தை நம்பி, சேரை (எலுமிச்சைப் புல்) என்று கறிக்குப் போடவும் கூடாது. இரண்டும் நெருங்கிய சொந்தம், ஒரே புல் அல்ல. ஹோட்டன் சமவெளியில், 2,000 மீற்றருக்கு மேலே, குட்டையாக நெருங்கிக் கிடக்கும் புல்லும் மானா அல்ல. அது ஈரப் பத்தனைக்கு, அதாவது ஈரமான மலைப் புல்வெளிக்கு, உரிய வேறு வகை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தீ வைப்பது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டுபோய் ஊவாவில் இறங்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை காய்ந்து நிற்கும் மானாவுக்கு ஒரு தீக்குச்சி போதும். மாட்டுக்குத் தளிர் கிடைக்கும் என்றுதான் பலர் கொளுத்துகிறார்கள். தளிர் வரும், உண்மை. மானாவின் தூர் சாகாது. சாவது, இடையில் தலைதூக்கிய மரக்கன்றுகள். ஆகவே எரிக்க எரிக்க மானாவே பெருகுகிறது. ஒக்டோபர் மழை அந்த மொட்டைச் சரிவில் விழும்போது மேல்மண் ஓடைக்குப் போய்விடுகிறது. எத்தனை ஆண்டு காத்தாலும் திரும்பாத மண் அது!

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் செங்குத்தான சரிவில் நிற்பதையும் வேரோடு பிடுங்காதீர்கள், மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், மறுநடுகைக்கு முன் 18 முதல் 24 மாதம் மானாவையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்த்து மண்ணைத் தேற்றுவது தோட்டங்களில் இருந்துவரும் முறை.

தேவையென்றால் கத்தியால் அறுங்கள். இளசை மாடு தின்னும். முற்றியதை இளந்தேயிலை வரிசைகளுக்கு நடுவே பரப்பலாம். பூ வருமுன்பே அறுத்துவிட வேண்டும், பிந்தினால் விதையும் சேர்ந்து தேயிலைக்குள் போய் முளைக்கும்.