"சாகணும்போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால்: காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு

காப்பகமோ சீர்திருத்த இல்லமோ, நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். கவுன்சலர் பகலில் வந்து போய்விடுவார், சில பிள்ளைகள் வாய் திறப்பதோ விளக்கணைத்த பிறகுதான்.

முதலில் கேளுங்கள். சுற்றி வளைக்காமல், "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்றே கேளுங்கள். கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஆய்வுகள் எதுவும் அப்படிக் காட்டவில்லை. "ஆமாம்" என்றால் எப்போதிலிருந்து, ஏதாவது திட்டம் இருக்கிறதா, முன்பு முயன்றதுண்டா என்றும் கேட்க வேண்டும். முன்பே முயன்ற பிள்ளைக்கு ஆபத்து அதிகம். உபதேசம் வேண்டாம். "அம்மா அப்பாவை நினைச்சுப் பார்த்தியா" வேண்டவே வேண்டாம், இங்கே வந்து சேர்ந்த பல பிள்ளைகளுக்குக் காயமே அங்கேதான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அன்றிரவே பொறுப்பாளருக்கும் மனநல மருத்துவருக்கும் சொல்லியாக வேண்டும்.

சரி, கேட்பதற்கு முன் எதைக் கவனிப்பது? மூலையில் அழுதுகொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாக, சண்டையாக, தட்டைத் தூக்கி எறிவதாகவும் வரும். நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துத் தனி அறையில் அடைத்துவிடுகிறோம்.

பெரிய தப்பே அதுதான். அமெரிக்காவில் 1995 முதல் 1999 வரை சிறார் காவல் இல்லங்களில் நடந்த தற்கொலைகளைப் பற்றிய ஆய்வில், முழு விவரம் கிடைத்த 79 சாவுகளில் ஏறக்குறைய பாதி, பிள்ளை அறையில் அடைக்கப்பட்டிருந்தபோது நடந்தவை. ஆகவே தனிமைப்படுத்தாமல் ஒரு ஆளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். திட்டம் வைத்திருக்கும் பிள்ளை ஒரு நிமிடம்கூடக் கண்ணை விட்டு மறையக்கூடாது, கேமரா போதாது. ஆபத்தாகக்கூடிய பொருள்களை எடுத்துவிடுங்கள், ஆனால் எல்லோர் முன்னாலும் சோதனை போட்டு அவமானப்படுத்தாமல்.

"செய்துகொள்ள மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரமில்லை. அது நம்முடைய நிம்மதிக்கு. அதைவிட, கொஞ்சம் அமைதியானதும் கூட உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். எண்ணம் வரப்போவது எப்படித் தெரிகிறது, அப்போது எதைச் செய்தால் தணிகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்பலாம், எல்லாம் பிள்ளையின் சொந்த வார்த்தையில்.

அப்புறம் ஷிப்ட் மாறும்போது நேரில் சொல்லுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். "கொஞ்சம் டல்லா இருக்கான்" என்று எழுதினால் அடுத்து வருபவருக்கு ஒன்றும் புரியாது. அவன் சொன்னதை அப்படியே எழுதுங்கள். கோர்ட் தேதி, வருவதாகச் சொன்ன அம்மா வராத ஞாயிறு, வேறு இல்லத்துக்கு மாற்றல் உத்தரவு இதெல்லாம் அந்த நோட்டில் முன்கூட்டியே இருக்க வேண்டும். மனநல வார்டிலிருந்து திரும்பும் தேதியும்தான், ஏனென்றால் "சரியாயிட்டான்" என்று எல்லோரும் கண்காணிப்பைத் தளர்த்தும் அந்த முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம்.