பழைய பேய்ப்படத்த மறுபடி எடுக்கறப்ப எல்லாரும் பண்ற தப்புங்க

எங்கக்கா பையன் ஈரோட்டுல காலேஜ் படிக்கறானுங்க. போன லீவுக்கு வந்தவன் பொழுதோட தோட்டத்துக்கே வந்து, "ஏனுங் மாமா, நம்ம பழைய சாளை சும்மாதான கெடக்குது, ஒரு பழைய பேய்ப்படத்துல வர்ற சீன நம்மூருக்கு தகுந்தாப்ல அங்க எடுக்கலாம்னு இருக்கறமுங்"ன்னான். சாளைன்னா தோட்டத்து வீடுங்க. நல்லா எடு கண்ணுன்னேன். அப்பறம் போன்ல எழுதி வெச்சிருந்தத காட்டுனான். புகை மெசினு வாடகை, வெள்ளைச் சேலை, சவுரி முடி, பேய் ஏன் பேயாச்சுன்னு ரெண்டு நிமிச ஃபிளாஷ்பேக், கடைசில பழைய படத்துல இல்லாத ஒரு ட்விஸ்ட். படிச்சதும் எனக்கு நெம்ப வெசனமாப் போச்சுங்க, ஏன்னா கோடி கோடியா கொட்டி ரீமேக் எடுத்தவங்க பண்ணின தப்புல முக்காவாசி அந்த ஒரு பக்கத்துலயே இருந்துச்சு. அன்னைக்கு அவன்கிட்ட சொன்னதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், படம் எடுக்கற மத்த பசங்களுக்கும் ஆகும்.

கிளாசிக்க தொடவே கூடாதுன்னு சொல்றவங்க பக்கம் நான் இல்லீங்க. நம்ம கோயமுத்தூர்ல பக்ஷிராஜா ஸ்டுடியோ நடத்துன ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல 'மலைக்கள்ளன்' எடுத்தார், அந்தக் கதை ஆறு பாஷையில வந்துச்சு, திலீப்குமார் நடிச்ச இந்தி 'ஆசாத்' கூட அதுதான். பேய்க்கதைன்னு வந்தா நம்ம காங்கேயத்துக்காரர் பி.எஸ்.வீரப்பா, அந்தச் சிரிப்புக்கே பேர் போனவரு, 1964-ல வந்த 'வோ கௌன் தி' இந்திப் படத்த ரெண்டே வருசத்துல 'யார் நீ?'ன்னு தமிழ்ல தயாரிச்சார், ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிச்சது. மதன்மோகன் போட்ட மெட்டுத்தான் நம்மகிட்ட 'நானே வருவேன்'னு சுசீலாம்மா குரல்ல வந்துச்சு. ராத்திரி ரேடியோல அந்தப் பாட்டு ஓடுச்சுன்னா எங்கம்மா வீட்டுக்குப் பின்னால இருக்கற பொடக்காளிக்கு தனியா போகமாட்டாங்க, தூங்கறவன எழுப்பி வெளக்க கையில குடுத்து முன்னால நடக்கச் சொல்லுவாங்க. மெட்டு எந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் என்னைய எழுப்பாம போயிருக்க மாட்டாங்க.

அதனால மறுபடி எடுக்கறது தப்பில்லீங்க, அந்தப் படத்துல பயம் எந்த எடத்துல உக்காந்திருக்குதுன்னு பாக்காம எடுக்கறதுதான் தப்பு, மத்த தப்பெல்லாம் இதுக்குள்ள இருந்துதான் வருது.

புகை மெசின்ல இருந்து ஆரம்பிக்கறேன். ராபர்ட் வைஸ் 1963-ல 'தி ஹாண்டிங்'னு ஒரு கருப்பு வெள்ளைப் படம் எடுத்தாரு. பெரிய வீடு, ராத்திரி, ஒரு ரூமுக்குள்ள ரெண்டு பொம்பளைங்க. வெளிய தாழ்வாரத்துல யாரோ செவுத்த இடிக்கற மாதிரி தொம்மு தொம்முன்னு சத்தம் கிட்ட கிட்ட வருது, கதவுகிட்ட வந்து நிக்குது, கைப்பிடி மெதுவா திரும்புது. இன்னொரு எடத்துல மூடின கதவு மூச்சு விடற மாதிரி உள்பக்கமா புடைச்சுட்டு வரும். அவ்வளவுதான், படம் முடியற வரைக்கும் பேய் ஒரு தடவ கூட கண்ணுல படாது. அதே கதைய 1999-ல திரும்ப எடுத்தப்ப கையில கம்ப்யூட்டர் இருந்துச்சு, காசு இருந்துச்சு, அதனால செலை அசையுது, மரச்சிற்பத்துல இருக்கற கொழந்தைங்க மொகம் மாறுது, கடைசில ஆளுயரத்த தாண்டி பேயே வந்து நிக்குது. பாக்கறவன் தலைக்குள்ள தானா ஒன்ன உருவாக்கி வெச்சிருந்தான் பாருங்க, அத புடுங்கிப் போட்டுட்டு இவங்க ஒன்ன குடுத்தாங்க, இவங்க குடுத்தது எப்பவுமே அதவிட சின்னதாத்தான் இருக்கும். காட்ட முடியுதுங்கறதுக்காக காட்டறதுதான் மொதத் தப்பு.

ஃபிளாஷ்பேக்கும் இதே சாதிதான். ஜான் கார்ப்பென்டரோட 'ஹாலோவீன்' 1978-ல வந்துச்சு, நெம்ப கம்மி பட்ஜெட், கடையில வாங்குன ஒரு சினிமா கேரக்டர் முகமூடிக்கு வெள்ளப் பெயிண்ட் அடிச்சு மாட்டி விட்டாங்க. ஆறு வயசுப் பையன் அக்காவ கொல்றான், ஏன்னு படம் சொல்லாது, அவனப் பாத்துக்கற டாக்டருக்கே தெரியாது. 2007 ரீமேக்குல பையனோட குடும்பம், வீட்ல நடந்த சண்டை, பள்ளிக்கூடத்துல பட்ட அவமானம்னு படத்துல ஏறத்தாழ பாதி அதுக்கே போச்சு. காரணம் தெரிஞ்சதும் நம்ம மனசு சமாதானம் ஆயிருதுங்க, ஓ இதனாலதானான்னு ஒரு ஆறுதல் வந்துருது. ஊர்ல அந்தப் புளியமரத்துப் பக்கம் உச்சிப்பொழுதுல போகாதேன்னு சொல்லுவாங்க, ஏன்னு கேட்டா பெரியவங்க வாய தொறக்கவே மாட்டாங்க, அதனாலதான் இத்தன வயசுக்கு அப்பறமும் அந்த எடம் வந்தா வண்டிய கொஞ்சம் முறுக்கித்தான் போறோம்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு தப்பு இருக்குது, எதையுமே மாத்தாம வரைஞ்சு வெச்ச மாதிரி எடுக்கறது. ஹிட்ச்காக்கோட 'சைக்கோ' 1960. அத 1998-ல கஸ் வான் சான்ட் ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார், அதே வசனம், அதே மியூசிக், கலர் மட்டும் புதுசு. பழைய படத்துல குளியலறை சீன்ல ஓடற ரத்தம் சாக்லேட் சிரப்புங்க, கருப்பு வெள்ளையில அது போதுமா இருந்துச்சு. அந்த சீனுக்கு மியூசிக்கே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் மொதல்ல சொல்லிட்டு இருந்தாரு, மியூசிக் போட்ட பெர்னார்ட் ஹெர்மன் அந்த வயலின் கிறீச்ச போட்டுக் காட்டுனதும் மனச மாத்திக்கிட்டார். படம் ஆரம்பிச்சதுக்கு அப்பறம் வந்தா தேட்டருக்குள்ள விடாதீங்கன்னு வேற ஏற்பாடு, ஏன்னா கதாநாயகின்னு நம்பி கூடவே வந்த பொம்பளைய பாதிப் படம்கூட ஆகறதுக்குள்ள கொன்னுருவாங்க, அந்தக் காலத்து ஜனங்க அத நெனச்சுக்கூட பாத்திருக்க மாட்டாங்க. கேமரா வெச்ச எடத்த காப்பி அடிக்கலாம், அன்னைக்கு தேட்டர்ல உக்காந்திருந்தவங்களுக்கு வந்த திகைப்ப எப்படிங்க காப்பி அடிக்கறது.

முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அதனால புது ட்விஸ்ட் வெக்கறேன்னு எங்க பையன் சொன்னான். இது கூடவே கூடாதுன்னேன். நம்ம பக்கம் அண்ணமார் சாமி கதைய உடுக்கையடிச்சு ராத்திரி ராத்திரியா பாடறாங்க. பொன்னரும் சங்கரும் செத்துப்போவாங்கன்னு கேக்க உக்காந்திருக்கற சின்னப் பையனுக்கும் தெரியும், தங்கச்சி தங்காள் அவங்க செத்துக் கெடக்கற படுகளத்துக்கு வந்து அண்ணன்மார எழுப்பறதும் தெரியும். தெரிஞ்சும் அந்த எடம் வந்தா உடுக்கைச் சத்தம் மாறும்போதே ஒடம்பு சிலுத்துக்குது, கும்பல்ல நாலு பேரு சாமி வந்து விழுந்தர்றாங்க. பாடறவரு ஊருக்கு ஊரு வார்த்தைய மாத்துவாரு, எங்கயோ இழுப்பாரு, எங்கயோ வேகமா தாண்டிப் போவாரு, எதிர்ல உக்காந்திருக்கற ஜனத்த பாத்துட்டே பாடுவாரு, ஆனா சாவையும் எழுப்பறதையும் தொடமாட்டாரு. ரீமேக்குன்னா எனக்கு அந்த உடுக்கைக்காரர்தான் கண்ணுக்குள்ள வர்றாரு, 'சைக்கோ' காப்பியில மூச்சு இல்லாம போனதும் ட்விஸ்ட் வெச்ச படத்துல முதுகெலும்பு இல்லாம போறதும் அவர நெனச்சா புரிஞ்சுரும்.

பயம் எங்க இருக்குதுன்னு கண்டுபுடிச்சு மாத்துனதுக்கு நம்ம கையிலயே பெரிய உதாரணம் இருக்குது, 'மணிச்சித்திரத்தாழ்'. ஃபாசில் 1993-ல மலையாளத்துல எடுத்தது, ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக் குடுத்த படம். அதுல நாகவல்லி யாருங்க? தஞ்சாவூர்ல இருந்து கூட்டிட்டு வந்த தமிழ் நாட்டியக்காரி. மலையாளி மருமக வாயில இருந்து திடீர்னு தமிழ் வருது பாருங்க, அந்த வீட்டுக்காரங்களுக்கு முதுகு சில்லிட்டுப் போறது அங்கதான். இப்ப இத தமிழ்ல எடுக்கணும்னா? தமிழ் பேசற குடும்பத்துல பொண்ணு தமிழ் பேசினா யாரு பயப்படுவா. பி.வாசு 2005-ல 'சந்திரமுகி' எடுத்தப்ப அவள தெலுங்குக்காரி ஆக்குனாரு, 'ரா ரா'ன்னு தெலுங்குலயே பாட்டு, அதுக்கு முந்தின வருசம் கன்னடத்துல 'ஆப்தமித்ரா' எடுத்தப்பவும் அதேதான். 2007-ல பிரியதர்ஷன் இந்திக்கு கொண்டுபோனப்ப அவ வங்காளி. ஊரு பேரு மாறுச்சு, சேலை மாறுச்சு, பாஷை மாறுச்சு, ஆனா நம்மகூட சோறு தின்ன பொண்ணு வாயில நம்மளுது இல்லாத பாஷை வருதுங்கற அந்த ஒன்னு மட்டும் நாலு படத்துலயும் எடம் மாறல. சந்திரமுகில ஹீரோவுக்காக சேத்த சண்டை பாட்டு மேல எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு, மலையாளத்துல மோகன்லால் வர்றதுக்கு முன்னால நிதானமா சேர்ற பயம் தமிழ்ல சேரல. இருந்தாலும் அந்த பாஷைய மாத்துனதுக்கு நான் கும்பிடு போடுவேன்.

இத புரிஞ்சுக்காம நட்டுவெச்ச செடி காஞ்சுபோச்சு. 1973-ல வந்த 'தி விக்கர் மேன்' ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவுல நடக்கற கதை, கிறிஸ்தவ நம்பிக்கையில ஊறிப்போன போலீஸ்காரர் ஒருத்தர், பழைய சாமிகள கும்பிடற ஊரு, வெளைச்சல் பொய்த்துப்போன வருசம், இந்த மூனும் சேர்ந்தாத்தான் பயம். 2006 அமெரிக்க ரீமேக்குல அந்த ரெண்டு நம்பிக்கையும் மோதிக்கறதயே எடுத்துட்டாங்க, தேனீ வளக்கற பொம்பளைங்க ஆள்ற ஊரா மாத்துனாங்க, சனங்க அதப் பாத்து சிரிச்சாங்க. ஜப்பான் 'ரிங்கு' 1998, அமெரிக்காவுல 'தி ரிங்' 2002, இது பொழச்சுக்கிச்சு, கெணறையும் வீடியோ கேசட்டையும் மொகத்த மறைக்கற ஈர முடியையும் வெச்சுக்கிட்டு, குதிரைப் பண்ணைன்னு தங்களோட மண்ணுல இருந்து ஒன்ன சேத்துக்கிட்டாங்க.

நம்மாளுங்க கொங்குல பேய்ப்படம் எடுக்க வந்தா ஒடனே ஜமீன் பங்களா தேடறாங்க, பெரிய மாடிப்படி, தொங்கற கண்ணாடி வெளக்கு. நம்ம பயம் அங்கயா இருக்குது? காங்கேயத்துல இருந்து தாராபுரம் வரைக்கும் கொரங்காட்டுக்கு, அதான் மேய்ச்சக்காட்டுக்கு, நடுவுல ஒத்தச் சாளை, கிளுவை வேலி, ஒரு வெள்வேல மரம், பனமட்டை காத்துல ஒரசற சத்தம் யாரோ நடந்து வர்ற மாதிரியே கேக்கும், கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஆள் கெடையாது. இத விட்டுட்டு எதுக்குங்க மாடிப்படி.

கைவேலை பத்தியும் சொல்லணும். 1984 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'ல பொண்ணு தூங்கறப்ப தலைக்கு மேல செவுரு ரப்பர் மாதிரி இழுபட்டு ஒரு உருவம் குனிஞ்சு பாக்கும். அது இழுபடற துணிங்க, பின்னாடி ஒரு ஆளு சாஞ்சாரு, அவ்வளவுதான். 2010-ல அதையே கம்ப்யூட்டர்ல பண்ணினாங்க, எடை இல்லாம மெதக்குது, நம்ம கண்ணு ஏமாறல. 'தி திங்' 1982-ல ராப் பாட்டின்னு இருபத்தி சொச்சம் வயசுப் பையன் ரப்பரையும் பிசுபிசுப்பையும் வெச்சு பண்ணின ஜந்து இன்னைக்கும் கொமட்டுது, 2011-ல அதே பேர்ல முன்கதை எடுத்தப்ப செஞ்சு வெச்சிருந்த பொம்மைகளுக்கு மேலயே பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைய ஏத்தி மூடிட்டாங்க. அந்த 1982 படமே ஒரு விதத்துல ரீமேக்குதான், அதே கதைய 1951-ல ஒருதடவ எடுத்திருந்தாங்க, அதுல யாரு மனுசன் யாரு மனுச உருவெடுத்த ஜந்துன்னு தெரியாத சந்தேகத்த விட்டுட்டு ஒரே ராட்சசனா மாத்திட்டாங்க, 1982-ல எடுத்த 'ஹாலோவீன்' கார்ப்பென்டர் அந்தச் சந்தேகத்த மூலக்கதையில இருந்து திரும்ப எடுத்துட்டு வந்தார். எத ரீமேக் பண்ணலாம்னு கேட்டா இப்படிப்பட்டதத்தான் சொல்லுவேன், மொதத்தடவ எடுத்தவங்க விட்டுட்டுப் போன ஒன்னு இருக்கணும். 'தி ஃப்ளை'யும் அப்படித்தான், 1958-ல ஈத்தலை வெச்ச மனுசன், 1986-ல கொஞ்சங்கொஞ்சமா அழுகிப்போற ஒடம்பு, வீட்ல சீக்காளிய வெச்சுப் பாத்தவங்களுக்கு அதோட வலி தெரியும்.

இன்னொன்னு, புதுசு எடுக்கறோம்னு பழசத் தொலைச்சரக்கூடாது. 'நோஸ்ஃபெராட்டு' 1922-ல அனுமதி வாங்காம எடுத்த டிராகுலா கதை, எழுதினவரோட மனைவி கேஸ் போட்டு, பிரிண்டெல்லாம் அழிக்கணும்னு கோர்ட்டே சொல்லிருச்சு. தப்பிச்ச பிரிண்டு இருந்ததாலதான் 1979-லயும் 2024-லயும் மறுபடி எடுக்க முடிஞ்சுது.

சாளைக்கு வர்றேன். எங்க பையன்கிட்ட ஒன்னு மட்டும் கேட்டேன், கண்ணு, கேமரா எடுத்துட்டு வர்றதுக்கு முன்னால ஒரு ராத்திரி நீ மட்டும் போன் இல்லாம அங்க படுன்னேன். படுத்தான். காத்தால வந்தவன் மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. புகையுமில்ல சவுரியுமில்லீங் மாமா, பட்டியில ஆடு ராத்திரி பூரா அசைபோட்டுட்டே இருந்துச்சு, ஒரு நேரம் அத்தனை ஆடும் ஒன்னாப்ல நிறுத்திருச்சுங், அப்பறம் ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லைங்ன்னான். அதத்தான் எடுத்தாங்க. ஒத்த பல்பு, தாழ்ப்பாள் போட்ட கதவு, வெளிய ஆடு அசைபோடற சத்தம், அது சட்டுன்னு நிக்குது. அங்கயே கட்.